சாரல் மேல் போட்ட பழி

கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பதைவிடப் பெரிய அநியாயங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு நடந்தது இதுதான், எனக்கு இன்னும் ஆறவில்லை. "விடும்மா, அது அந்தக் காலம்" என்கிறார்கள் என் பிள்ளைகள். விடமாட்டேன். அந்தக் காலம் என்று சொல்லிவிட்டால் செய்தது எல்லாம் சரியாகிவிடுமா?

தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே எங்கள் தெரு. யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்னால் நான் மூன்றாவது பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடும் எதிர்வீடும் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை வரவழைத்தோம். எதிர்வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. புத்தகம் அவர் பெயருக்குத் தபாலில் வரும். முதல் பதினைந்து நாள் அவர் வாசிப்பார், அதற்குப் பிறகு எங்களுடையது. திருப்பித் தர வேண்டாம். வருஷக் கடைசியில் நாங்களே பைண்டு பண்ணி வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. புதுசாக வாசிக்கும் பாக்கியம் அவருக்கு, வைத்துக்கொள்ளும் பாக்கியம் எங்களுக்கு.

என் அப்பா பத்திர ஆபீசில் குமாஸ்தா. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் பெண்பிள்ளை கையில் கதைப் புத்தகத்தைப் பார்த்தால் அடுப்பில் போட்டுவிடுவார்கள். அப்பா அப்படி இல்லை. அவரே வாங்கி வந்து, அவரே முதலில் வாசித்து, பிறகு என் கையில் தருவார். "எம் பொண்ணு கதை வாசிக்கா, வாசிச்சிட்டு மார்க்கு வேற போடுதா" என்று ஆபீசில் பெருமை பேசுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மார்க்கு நோட்டை எடுத்துவரச் சொல்லிக் காட்டுவார். நானும் பூரித்துப்போய்க் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

மார்க்கு நோட்டு என்றால் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம். ஒரு கதையை மூன்று தடவை வாசிப்பேன். முதல் தடவை என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள. இரண்டாவது தடவை, எழுதினவன் எங்கே ஏமாற்றினான் என்று பிடிக்க. மூன்றாவது தடவை சும்மா, ஆசைக்கு. பிறகு எங்கள் டீச்சர் கட்டுரை நோட்டில் எழுதுகிற மாதிரியே சிவப்புப் பென்சிலால் எழுதுவேன். "இரண்டு பக்கத்துக்குள் நிலா நாலு தடவை வந்துவிட்டது. இருபது மார்க்கு." "இந்த மாமியார் எங்கள் தெருவில் இருக்கிறாள். எழுபது." "கதாநாயகி முதல் பக்கத்திலேயே இருமுகிறாள். கடைசிப் பக்கத்தில் செத்துப்போவாள். செத்துப்போனாள். பத்து மார்க்கு, அதுவும் இரக்கப்பட்டு."

அந்த இருமல்தான் எனக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் தீராத வழக்கு. என்ன அக்கிரமம்! கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த பெண், கொஞ்சம் வாய் பேசுகிற பெண், கணவனிடம் ஒரு கேள்வி கேட்ட பெண் என்று எவள் வந்தாலும் காய்ச்சலில் போவாள், இல்லாவிட்டால் கிணற்றில் போவாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கிணற்றுக்குப் பக்கத்தில் வீடு எடுத்துக் குடியிருக்கிறார்களா என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அதை வாசித்துவிட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா பிள்ளே, எல்லாவனும் அப்படித்தான் எழுதுதான், என்ன செய்ய?" என்றார். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

இடையிடையே சில கதைகளுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. தாளுக்கு இரண்டு பக்கம் அல்லவா? ஒரு கதையின் வால் போகும்போது பின்பக்கத்தில் தொடங்கும் அடுத்த கதையின் தலையும் சேர்ந்து போய்விடும். முதல் தடவை அப்பாவிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"சாரல்ல நனைஞ்சு தாளும் தாளும் ஒட்டிக்கிட்டு. பிரிச்சேன், கிழிஞ்சிட்டு. அண்ணாச்சிதான் அருவிக்கெல்லாம் புக்கைத் தூக்கிட்டுப் போறாருல்லா."

நம்பினேன். எப்படி நம்பாமல் இருப்பது? ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் அண்ணாச்சி தினமும் விடியற்காலையில் வில்வண்டி பூட்டிக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார், வண்டியில் வாசிக்கப் புத்தகத்தையும் கொண்டுபோவார். எங்கள் ஊரில் எதற்குத்தான் சாரல் மேல் பழி போடவில்லை? வேட்டி காயாவிட்டால் சாரல், அப்பளம் நமத்தால் சாரல், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் சாரல். அதோடு இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். வால் இல்லாத கதைகளுக்கு மார்க்குப் போடாமல் "சாரல்" என்று மட்டும் எழுதிவைப்பேன்.

அந்த ஆடி மாதத்துப் புத்தகத்தில் ஒரு கதை. சின்ன வயதில் தாலியறுத்த ஒரு பெண், அண்ணன் வீட்டில் அடுப்படியே கதியென்று கிடக்கிறாள். ரகசியமாகப் படித்து, வாத்தியார் வேலைக்குப் படிக்கும் ஸ்கூலுக்கு மனுப் போட்டு, இடமும் கிடைத்துவிடுகிறது. அண்ணன் விடமாட்டேன் என்கிறான். ஒருநாள் மத்தியானம் அவள் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறாள். ரயில் வரும் சத்தம் கேட்கிறது. "அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். தண்டவாளத்தைப் பார்த்து" என்பதோடு பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த தாள் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அதுவரை எந்தப் பெண்ணையும் அந்த மாதிரி எழுதி நான் வாசித்ததில்லை. அவள் ஒளித்துவைத்துப் படித்தது, பெட்டியில் இரண்டே சேலையை மடித்துவைத்தது எல்லாம் எனக்கு நடந்த மாதிரி இருந்தது. இத்தனையும் எழுதிவிட்டு, கடைசியில் கொண்டுபோய்த் தண்டவாளத்தில் தள்ளிவிட்டானே பாவி! பெட்டியைக் கீழே வைத்து, தண்டவாளத்தைப் பார்த்தால் வேறு எதற்குப் பார்ப்பாள்? கிணறு அலுத்துவிட்டது போல, ரயிலுக்கு வந்துவிட்டான் என்று தோன்றியது. அன்றைக்கே ஒரு தபால் கார்டு வாங்கி, நுணுக்கி நுணுக்கிப் பத்திரிகைக்கு எழுதினேன்.

"ஐயா, படித்த பெண்ணைக் கொல்லாமல் கதையை முடிக்க உங்களுக்குத் தெரியாதா? அவளை ரயிலில் ஏற்ற வேண்டியதுதானே? ரயிலுக்கு முன்னால் ஏன் தள்ளினீர்கள்? இனி உங்கள் கதைகளுக்கு நான் மார்க்குப் போடமாட்டேன். இப்படிக்கு ஒரு மாணவி, தென்காசி."

எழுதினவள் சும்மா இருந்தேனா? பக்கத்து பெஞ்சுக்காரியிடம் சொன்னேன். அவள் வகுப்புக்கே சொல்லிவிட்டாள். ஐப்பசியில் கடிதம் அச்சில் வந்தது. எங்கள் முறை வருவதற்குள் டீச்சர் தன்னுடைய பிரதியோடு வகுப்புக்கு வந்துவிட்டார். பாளையங்கோட்டைப் பக்கத்து அம்மாள், கண்டிப்பானவர். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். என் கடிதத்தை வாசித்தார். எனக்குக் காதெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அச்சில் என் வார்த்தை! பிறகு அதற்குக் கீழே பத்திரிகைக்காரர் போட்டிருந்ததையும் வாசித்தார். அவள் ரயில் முன் விழவில்லை, ரயிலில் ஏறித்தான் போகிறாள், தென்காசி மாணவி கோபப்படுவதற்கு முன் கதையைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கும் பழக்கத்தை மேற்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "டீச்சர், எங்க புக்குல கடைசிப் பக்கம் இல்ல, சாரல்ல கிழிஞ்சிட்டு" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"வீட்டுக் கணக்கு எழுதாதவங்களும் சாரல்னுதான் சொல்லுதாங்க" என்றார் டீச்சர்.

"ஒங்ககிட்ட அந்த ஆடி மாசத்துப் புக்கு இருக்கா டீச்சர்? ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தாரேன்."

"முழுசா வாசிக்கத் தெரியாதவளுக்குப் புஸ்தகம் எதுக்கு? உக்காரு."

ஒரு பக்கம்! காட்டினால் என்ன குறைந்துபோகும்? அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பட்டப்பெயர் கடைசிப்பக்கம். "ஏட்டி கடைசிப்பக்கம், தண்ணி குடிக்க வாரியா?" "ஏட்டி கடைசிப்பக்கம், செருப்ப முழுசா மாட்டிட்டியா?" ஒரு கதையை மூன்று தடவை வாசிக்கிறவளுக்கு இந்தப் பெயர். மூன்று தடவை வாசிப்பது ஒன்றுதான் என்னுடையது என்று எனக்கு இருந்தது. அதிலேயே கையை வைத்துவிட்டார்கள்.

சாயந்தரம் பையோடு நேரே ஜவுளிக்கடைக்குப் போனேன். பெண்பிள்ளை தனியாகக் கடைவீதிக்குப் போகக்கூடாது. போனேன்.

"அண்ணாச்சி, புக்கை அருவிக்குக் கொண்டுபோயி நனைச்சிப்புட்டிய. ஒங்களால என் மானம் போச்சு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. "என்னது, நான் நனைச்சேனா? ஏ தாயி, நான் துணி யாவாரி. ஈரம் பட்டா என்னாவும்னு எனக்கு நீ சொல்லித் தாரியோ? மெழுகுத்துணியில சுத்தி, அதுக்கு மேல ஒரு துண்டையும் சுத்தில்லா வண்டியில வைக்கேன். இது நாள் வரைக்கும் புக்கு வண்டிய விட்டு எறங்குனதே கெடையாது."

"அப்ப கடைசிப் பக்கம் இருந்துச்சா?"

"இல்லாம? பெட்டியக் கீழ வச்சிட்டு, தண்டவாளத்தப் பாத்து நின்ன போர்ட்டர்கிட்ட கேக்குதால்லா, பொம்பளைங்க பெட்டி எங்கன வந்து நிக்கும்னு? அத வாசிச்சிட்டு நாலு நாள் வாற போறவங்ககிட்டல்லாம் சொன்னேன். கெட்டிக்காரப் புள்ள. புக்க ஒரு மடிப்பு இல்லாம ஒங்க அப்பா கையிலதான குடுத்தேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.  கஜக்கோலை எடுத்து, கேட்க ஆளில்லாத துணியை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

தண்டவாளத்தைப் பார்த்தது அவளில்லை, போர்ட்டர்! அவள் கேட்டது, பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று! எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். பரணிலிருந்து அந்த வருஷத்துப் புத்தகங்களையும் முந்தின வருஷத்து பைண்டையும் இறக்கினேன். ஒவ்வொன்றாகப் பிரித்து, கிழிந்த இடத்தைப் பார்த்தேன்.

ஈரத்தில் ஒட்டிய தாள் எப்படிக் கிழியும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை குற்றாலத்துக்குப் போனபோது, எல்லோரும் அருவியில் நிற்க, நான் மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்துப் பாட்டுப் புத்தகம் ஒன்றை நனைத்திருக்கிறேன். பொருக்குப் பொருக்காகப் பிய்ந்து வரும், பாதி எழுத்து பக்கத்துத் தாளிலேயே ஒட்டியிருக்கும். இவை அப்படி இல்லை. ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அந்த நேர்க்கோடு யாருடையது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா காகிதத்தை மர ஸ்கேல் வைத்துத்தான் கிழிப்பார். வண்ணானுக்குத் துணிக்கணக்கு எழுதுகிற துண்டுத் தாளைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் கிழிப்பார். பத்திர ஆபீஸ் பழக்கம். இத்தனை மாதமாக அந்த ஓரம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சாரல் என்ற ஒரு சொல்லை நம்பி நான் பார்க்கவே இல்லை.

அதோடு போகவில்லை. எந்தெந்தக் கதைக்கு வால் இல்லை என்று பார்த்தேன். கணவனை விட்டு வந்து தையல் தைத்துப் பிழைக்கிறவள் கதைக்கு இல்லை. தகப்பனிடம் இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னவள் கதைக்கு இல்லை. டாக்டருக்குப் படிக்கப் போனவள் கதைக்கு இல்லை. காய்ச்சலில் செத்தவள், கிணற்றில் குதித்தவள், இருமி இருமிப் போனவள் கதைகளுக்கெல்லாம் வால் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. செத்த பெண்கள் அத்தனை பேரையும் முழுசாக விட்டுவைத்திருந்தார். பிழைத்தவர்களை மட்டும் கிழித்திருந்தார். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் பெண்களைக் கொல்கிறார்கள் என்று நான் நோட்டு நோட்டாகத் திட்டினேனே, கொன்றது அவர்களா?

அப்பா ஆபீசிலிருந்து வந்து காப்பி குடிக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை. புத்தகங்களை அவர் முன்னால் பரப்பினேன்.

"அப்பா, இந்தப் பக்கமெல்லாம் எங்க?"

"சொன்னேம்லா, சாரல்ல..."

"இது தை மாசத்துப் புக்கு. தையில ஏது சாரல்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மேல் கை ஓங்குகிறவர் இல்லை அவர். சத்தம் போடுகிறவரும் இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

"சரி, கிழிச்சேன். இப்ப என்ன அதுக்கு? பொட்டப்பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு பாத்துக் குடுக்கது என் பொறுப்பு. ஊருல எவன் வீட்லயாவது புக்கைக் கண்ணுல காட்டுதானா? நான் காட்டுதேன்லா?"

"பாதியத்தான காட்டுதிய."

"பாதி போதும்."

"எல்லாவனும் அப்படித்தான் எழுதுதான்னு எங்கிட்ட சொன்னியளே அப்பா. நோட்டப் பாத்துச் சிரிச்சியளே. நான் திட்டுனது அத்தனையும் ஒங்களுக்குச் சேர வேண்டியது, தெரிஞ்சுதான சிரிச்சிய?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "கிழிச்ச பக்கம் எங்க?" என்று கேட்டேன். "வெந்நீர் அடுப்புக்கு ஒங்கம்மைக்கிட்ட குடுத்துருவேன்" என்றார். அடுப்படி வாசலில் அம்மா அரிசி புடைக்கிற சுளகைப் பிடித்தபடி நின்றிருந்தாள். 

"ஒனக்குப் புக்கு வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு. வேணும்னா இப்படித்தான் வரும்" என்று அப்பா எழுந்து கை கால் கழுவப் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷம் உள்ளவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் புத்தகம் வராமல் போய்விடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போது அப்பா மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலேயும் வருகிறது.

பத்திரிகைக்கு இன்னொரு கார்டு எழுதினேன். "ஐயா, நான் கடைசிப் பக்கம் வாசிக்கும் பழக்கம் உள்ளவள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள். இப்போது முடிவு தெரிந்துகொண்டேன். கதைக்குத் தொண்ணூற்றைந்து மார்க்கு. தயவுசெய்து இதையும் பிரசுரிக்கவும்." பிரசுரிக்கவில்லை. கார்த்திகை பார்த்தேன், மார்கழி பார்த்தேன். என்னைக் கண்டித்தது மட்டும் ஊரெல்லாம் வாசிக்க அச்சில் நிற்கிறது. என் பக்கத்து நியாயத்துக்கு நாலு வரி இடம் இல்லாமல் போய்விட்டது அவர்களுக்கு. வகுப்பில் நான் வருஷக் கடைசிவரை கடைசிப்பக்கமாகவே இருந்தேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள்தான் புத்தகம் எங்கள் முறைக்கு வந்திருந்தது. அப்பா ஆபீசுக்குப் போன பிறகு எடுத்து வாசித்தேன். நடுவில் ஒரு கதை, கச்சேரிப் பாட்டுக்காரி ஒருத்தியின் கதை, வால் இல்லாமல் நின்றது. தடவிப் பார்த்தேன். அதே நேரான ஓரம். புத்தகத்தை மூடி வீசலாமா என்று உட்கார்ந்திருந்தபோது புறவாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா."

வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா முதலில் தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு மடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வியர்வையில் கொஞ்சம் நனைந்திருந்தது.

"காலையில அடுப்புக்குன்னு குடுத்தாக."

"நீ போடலையா?"

"போடத்தான் போனேன். கை வரல."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவளைப் பெற்றவர்கள் அவளுக்குப் பாதிகூடக் காட்டவில்லை. தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் வாங்கி, நேராகத் திருப்பி, நின்றபடியே உதடு மட்டும் அசைய வாசிக்க ஆரம்பித்தேன். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, விறகுக்கட்டை மேல் உட்கார்ந்தாள்.

"சத்தமா வாசிட்டி" என்றாள். "இத்தன நாளும் நான் எதையெல்லாம் எரிச்சேன்னு எனக்கும் தெரியணும்லா?"